துபாஷி வேலை

1716ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர் நைனியப்ப பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர், ஊரின் பெரிய செல்வந்தர்களில் ஒருவர். 1708 முதல் கம்பெனிக்குத் துணி வாங்கித் தருவதிலிருந்து உள்ளூர் வணிகர்களோடு பேரம் பேசுவது வரை எல்லாம் அவர் வழியாகத்தான் நடந்தது. கவர்னர் எபேருக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. சேசு சபைப் பாதிரிமார்களுக்கும் அவர்மேல் நெடுநாள் கோபம்: இவ்வளவு செல்வாக்குள்ள பதவியில் ஒரு கிறிஸ்தவர் அல்லவா இருக்க வேண்டும்?

அந்த விசாரணை நடந்த விதத்தைப் பாருங்கள். சாட்சிகள் தமிழில் பேசினார்கள். அதைக் கேட்டு ஒருவர் போர்த்துகீசியத்தில் சொன்னார். அதைக் கேட்டு இன்னொருவர் பிரெஞ்சில் எழுதினார். நடுவில் இருந்த மொழிபெயர்ப்பாளர் யார் என்றால், அதே சேசு சபைப் பாதிரிமார்களின் உபதேசியாருடைய மகன். பிரெஞ்சு தெரியாத சாட்சிக்குத் தன் பெயரில் தாளில் ஏறியிருப்பது தான் சொன்னதுதானா என்று படித்துப் பார்க்க வழியே இல்லை. தீர்ப்பு வந்தது. பொது இடத்தில் ஐம்பது கசையடி, பெரும் அபராதம், சொத்துப் பறிமுதல், சிறை. 1717இல் நைனியப்ப பிள்ளை சிறையிலேயே இறந்துபோனார்.

அவர் மகன் குருவப்ப பிள்ளை விடவில்லை. கப்பலேறி ஐரோப்பா போனார், பாரிஸில் முறையிட்டார், அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார், பிரெஞ்சு அரசின் புனித மிக்கேல் வீரர் பட்டமும் வாங்கினார். தகப்பனார் மேலிருந்த தீர்ப்பு ரத்தானது. அதன்பின் ஊர் திரும்பி அப்பா இருந்த அதே பதவியில் உட்கார்ந்தார். ஆனால் அப்பா இல்லை.

இதை முதலில் படித்தபோது அநியாயத் தீர்ப்பைவிட வேறொன்று என்னைத் தொந்தரவு செய்தது. நைனியப்ப பிள்ளை வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையே இரண்டு தரப்புக்கு நடுவில் நின்று பேசுவதுதான். அவர் பேசினால்தான் ஒரு பக்கம் சொல்வது இன்னொரு பக்கத்துக்குப் புரியும். அப்படிப்பட்டவர் வீழ்ந்ததும் நடுவில் நின்ற இன்னொருவர் வழியாகத்தான். அந்த வேலைக்கு அன்றைய பெயர் துபாஷி. பெயர் வேறாக இருந்தாலும் அதே வேலையை நானும் இரண்டு ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு தப்பும் செய்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், தமிழர்கள் மேல் நடந்த விசாரணையில் போர்த்துகீசியம் எப்படி வந்தது?

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் போர்த்துகீசியரின் ஆட்சி பல இடங்களில் சுருங்கிப்போனது. ஆனால் அவர்கள் மொழி கரையோரம் முழுக்க வியாபார மொழியாகத் தங்கிவிட்டது. இலக்கணத்தையெல்லாம் உதறிவிட்டு, உள்ளூர்ச் சொற்களை ஏற்றிக்கொண்ட துறைமுகத்துப் போர்த்துகீசியம் அது. பின்னால் வந்த டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர் எல்லாருக்கும் இங்குள்ளவர்களோடு பேச அதுதான் கைகொடுத்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்குகூடத் தமிழோடு போர்த்துகீசியத்தையும் கற்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தின் மிச்சம் இன்னும் நம் வீட்டுக்குள் இருக்கிறது. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பேனா, ஏலம் எல்லாம் போர்த்துகீசியம் தந்தவை.

ஆக, கரைக்கு வந்த ஐரோப்பியர் யாருக்கும் தமிழ் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த அவசியத்தைச் சம்பளம் கொடுத்து இன்னொருவர் தலையில் ஏற்றிவிடலாம். அந்த இன்னொருவர்தான் துபாஷி. இரு மொழி என்று பொருள்படும் துவிபாஷையிலிருந்து வந்த சொல். சென்னையிலும் இதே கதைதான். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த மணல்மேட்டை நாயக்கர்களிடமிருந்து பேசி வாங்கியதில் பேரி திம்மப்பா என்ற துபாஷிக்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள்.

சொல்லை வைத்துப் பார்த்தால் துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று தோன்றும். நடைமுறையில் அது பல வேலைகளின் மூட்டை. கம்பெனிக் கப்பலில் வெள்ளி வரும், திரும்பும்போது துணி போக வேண்டும். துணி நெய்பவர்கள் எங்கோ கிராமங்களில் இருக்கிறார்கள். முன்பணம் யாருக்குக் கொடுக்கலாம், யார் ஏமாற்றுவார், எந்த ஊரில் மழை பொய்த்தது, எந்தப் பாளையக்காரர் சுங்கம் கூட்டியிருக்கிறார் என்பதெல்லாம் துபாஷிக்குத்தான் தெரியும். புதிதாகக் கப்பலில் வந்திறங்கும் இளம் அதிகாரிக்கு வீடு பார்த்து, ஆள் வைத்து, கடனும் கொடுப்பவர் துபாஷி. அந்தக் கடன் அடைகிற வரை அதிகாரி யார் பேச்சைக் கேட்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆள்பவருக்கு அதிகாரம் இருந்தது, காது இல்லை. ஊராருக்கு வாய் இருந்தது, அது மேலே எட்டவில்லை. காதும் வாயும் துபாஷியிடம் இருந்தன. அதனால் இரண்டு பக்கமும் அவரை நம்பியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் அவரை முழுசாக நம்பவும் முடியாது.

*

இந்த வேலையின் உள்பக்கம் நமக்குத் தெரிவது ஆனந்தரங்கப் பிள்ளையால். நைனியப்ப பிள்ளை இவருடைய அப்பாவின் மைத்துனர். 1709இல் சென்னை பெரம்பூரில் பிறந்து புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர். மாமனுக்கு நடந்ததெல்லாம் நடந்தபோது ஏழெட்டு வயதுப் பையன். 1736 செப்டம்பரிலிருந்து 1761 ஜனவரியில் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். எங்கோ கிடந்த அந்த நோட்டுகள் 1846இல் வெளிச்சத்துக்கு வந்தன. ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவர 1904 முதல் 1928 வரை ஆனது.

அந்த நாட்குறிப்பின் தமிழ் புலவர் தமிழ் கிடையாது. வீட்டில், கடையில், கவர்னர் மாளிகை வாசலில் பேசுகிற தமிழ். தெலுங்கும் பாரசீகமும் பிரெஞ்சும் போர்த்துகீசியமும் கலந்து ஓடும். கம்பெனி 'கும்பினீர்' ஆகிவிடும், ஆலோசனை சபை 'கோன்சேல்' ஆகிவிடும், பிரெஞ்சுத் துரை 'முசே' ஆகிவிடுவார். நம் அலுவலகத் தமிழைப் பார்த்து 'இதெல்லாம் தமிழா' என்று யாராவது வருத்தப்பட்டால் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். வேலை எந்த மொழியில் வருகிறதோ அந்தச் சொல்லோடுதான் அது நாக்கில் ஏறும்.

1746இல் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் இறந்தார். அந்த இடத்துக்குப் போட்டி. அடுத்த ஆண்டுவாக்கில் பதவி ஆனந்தரங்கரிடம் வந்தது. கவர்னர் துய்ப்ளெக்ஸின் ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம் அது. பிள்ளை கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் போகலாம், தங்கப்பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் அவர் கட்டிய வீடு இன்றும் இருக்கிறது. கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம்மூர் வீடு மாதிரி, மேல்தளம் பிரெஞ்சு பாணித் தூண்களோடு. வாழ்க்கையும் அப்படித்தான் இருந்தது.

இவ்வளவு செல்வாக்குள்ள மனிதர் நாட்குறிப்பில் ஓயாமல் பொருமுவது யாரைப் பற்றி? படையெடுத்து வந்த ஆங்கிலேயரைவிட அதிகமாக, துய்ப்ளெக்ஸின் மனைவி ழானைப் பற்றி. ழான் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தமிழ் தெரியும். கவர்னரைப் பார்க்க நினைக்கும் உள்ளூர்க்காரர் இப்போது துபாஷியிடம்தான் போக வேண்டும் என்றில்லை, அம்மாவிடம் போகலாம். அவருக்குத் தனியாக ஒற்றர்கள், தனிக் கடிதப் போக்குவரத்து. பிள்ளையின் எரிச்சலுக்கு மதம், பணம், அரசியல் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அடியில் ஒன்று இருக்கிறது: கவர்னர் வீட்டுக்குள்ளேயே தமிழ் கேட்கிற ஒரு காது முளைத்துவிட்டது. நடுவில் நிற்பவரின் பிழைப்பு இரு பக்கமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எங்கள் தொழிலில் 'கிளையண்ட்டிடம் நேரடியாகப் பேசாதே, என் வழியாகப் போ' என்று சொல்லாத மேலாளர் உண்டா?

*

சென்னையில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் துபாஷி என்ற சொல்லே ஆங்கிலேய அதிகாரிகளின் வாயில் வசைச்சொல் மாதிரி ஆனது. சூளையில் ஒரு தெரு அவதானம் பாப்பையர் பேரில் இருக்கிறது. கவர்னராக இருந்த ஹாலண்டுக்கும் அவர் தம்பிக்கும் வலது கையாக இருந்த துபாஷி அவர். ஹாலிபர்ட்டன் என்ற கம்பெனி அதிகாரிக்கு எதிராகச் சதி செய்ததாக 1792இல் தண்டனை பெற்றார். கொள்ளையடித்த கம்பெனி அதிகாரிகள் பலர் பணத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள், பழி துபாஷிகளுக்கு நின்றது என்பது வேறு விஷயம். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. துபாஷிகள் சம்பாதிக்கவே செய்தார்கள். அதே உலகத்திலிருந்துதான் பச்சையப்ப முதலியாரும் வந்தார். நாற்பது வயதில் இறந்த அந்தத் துபாஷியின் செல்வம் கோயில்களுக்கும், பின்னால் கல்விக்கும் போனது. பச்சையப்பன் கல்லூரி அப்படி வந்தது.

இந்தச் சலிப்பிலிருந்து கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. வரி வசூலிப்பவரும் நீதி சொல்பவரும் ஊர்மொழி தெரியாமல் இருந்தால் அவர்கள் என்றைக்கும் துபாஷியின் கைப்பிள்ளைதான். ஆகவே அவர்களே படிக்கட்டும். 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கும் இளைஞர்கள் தமிழ், தெலுங்கு முதலிய தென்னாட்டு மொழிகளைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் படி கூடும், பரிசு கிடைக்கும். தேறாவிட்டால் நல்ல வேலை தள்ளிப்போகும்.

அதற்குப் பின்னால் இருந்தவர் எல்லிஸ். வள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயத்தோடு நாம் இணைத்துப் பேசும் அதே எல்லிஸ். திருக்குறளின் ஒரு பகுதிக்கு உரை எழுதியவர். சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தபோது கிணறு வெட்டி, அதைத் தமிழ்ப் பாட்டில் கல்வெட்டாகவும் வைத்தவர். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று 1816இலேயே எழுதியவர். கால்டுவெல்லின் நூலுக்கு நாற்பது ஆண்டுகள் முந்தி. கல்லூரியில் தாண்டவராய முதலியார், முத்துசாமிப் பிள்ளை போன்ற தமிழறிஞர்கள் வேலை பார்த்தார்கள். வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடி முத்துசாமிப் பிள்ளையை அனுப்பியதும் எல்லிஸ்தான்.

கொஞ்சம் நின்று இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆளப்போகிற ஒரு பதினெட்டு வயது வெள்ளைக்காரப் பையன், ழகரம் வராமல் தடுமாறிக்கொண்டு ஒரு தமிழ்ப் புலவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தப்பாகச் சொன்னால் திருத்தப்படுவான். தேர்வில் தோற்றால் பதவி உயர்வு இல்லை. தமிழ் மேல் பாசம் வந்து செய்ததில்லை, நிலவரியும் நிர்வாகமும் செய்ய வைத்தவை. ஆனால் விளைவு முக்கியம். மொழி கற்கிற சுமை அந்தக் கொஞ்ச காலம் அதிகாரம் உள்ளவன் தோளில் இருந்தது. அந்தச் சுமையைத் தூக்கியதாலேயே அவர்களுக்கு இந்த நாட்டைப் பற்றி முன்பு தெரியாத விஷயங்கள் தெரியவந்தன. திராவிட மொழிக்குடும்பம் என்ற கருத்தே அந்தக் கல்லூரியின் வகுப்பறைச் சூழலில் பிறந்ததுதான்.

*

எல்லிஸ் 1819இல் இறந்தார். கல்லூரி 1854 வரை இழுத்துக்கொண்டு போனது. அதற்குள் காற்று திசை மாறிவிட்டது.

1835இல் மெக்காலே தன் கல்விக் குறிப்பை எழுதினார். அதில் நாம் அடிக்கடி திட்டுவது இந்திய நூல்களை அவர் இளக்காரமாகப் பேசிய இடத்தை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு இடம். ஆள்பவர்களுக்கும் ஆளப்படும் கோடிக்கணக்கானவர்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர்களாக நிற்கக்கூடிய ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது துபாஷிகளைத்தான். ஒருவர் இருவராக இல்லாமல், கல்லூரி வைத்து மொத்தமாக. 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். சுமை தோள் மாறியது. இனி வெள்ளைக்காரன் தமிழ் படிப்பது பெருமைக்கு, தமிழன் ஆங்கிலம் படிப்பது பிழைப்புக்கு.

இது மேலிருந்து திணிக்கப்பட்டது மட்டும்தானா? அப்படிச் சொல்லிவிட்டால் வசதியாக இருக்கும். ஆனால் 1839இல் சென்னை மாகாண மக்கள் எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்டு கவர்னர் எல்பின்ஸ்டனிடம் ஒரு மனு கொடுத்தார்கள். எங்களுக்கு ஆங்கில உயர்கல்வி வேண்டும் என்பது கோரிக்கை. 1841இல் வந்த உயர்நிலைப் பள்ளிதான் பின்னால் மாநிலக் கல்லூரியானது. கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவு ஒன்றுதான், அதற்குச் சாவி இன்னொருவர் மொழியில் இருக்கிறது என்று தெரிந்தபின், பிள்ளைக்கு அந்தச் சாவியை வாங்கிக் கொடுக்காத தகப்பன் யார்? இங்கிலீஷ் மீடியத்துக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டும் அம்மாவும் அந்த மனுவில்தான் கையெழுத்துப் போடுகிறார்.

நீதிமன்றங்களில் இதன் விலை வெளிப்படையாகத் தெரிந்தது. வழக்குக்காரர் தமிழர், எதிரி தமிழர், சாட்சி தமிழர். சட்டமும் மேல்கோர்ட் தீர்ப்பும் ஆங்கிலம். தன் நிலம் ஏன் போனது என்பதை ஒரு விவசாயி, வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். நைனியப்ப பிள்ளையின் வழக்கில் சாட்சி சொன்னவர்களின் நிலைமைதான் இது. 140 ஆண்டுகள் கழித்து.

அந்த நீதிமன்றத்துக்குள்ளே ஒருவர் இருந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, பிறகு தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப் ஆன வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் என்று நமக்குத் தெரியும். அதற்கு முன்பே, 1862இல், அவர் செய்த ஒரு வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். நாவலிலேயும் தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழ் வக்கீல் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கிண்டலும் கோபமுமாகக் கேள்வி கேட்கிறார்.

இரண்டு மொழி தெரிந்தது அவருக்கு மூலதனம். அதைப் பூட்டி வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். அவர் அந்தத் தீர்ப்புகளை எடுத்து, தெரியாதவர்கள் பக்கம் வைத்தார். துபாஷி உலகத்திலிருந்து வந்த வேலையை இப்படியும் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தது அவரால்தான். கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

*

என் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் 'ஆன்சைட் கோஆர்டினேட்டர்' ஆக இருந்தேன். கிளையண்ட்டோடு பகலில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டு, இரவில் சென்னை அணிக்குச் சொல்ல வேண்டும். சென்னை அணி சொல்வதைக் காலையில் கிளையண்ட்டுக்குச் சொல்ல வேண்டும். பல்லக்கு இல்லை, தங்கப்பூண் தடி இல்லை. மற்றபடி அதே வேலை.

சென்னை அணியில் ஒரு பையன் இருந்தான். டெல்டா பக்கம், பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. டேட்டாபேஸில் அவன் கைக்கு நிகர் எங்களில் யாரும் இல்லை. கான்ஃபரன்ஸ் காலில் மட்டும் மியூட்டை எடுக்கவே மாட்டான். ஒரு வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு ராத்திரி எனக்கு போன் செய்தான்.

"அண்ணே, மாசக் கடைசியில அந்த ஜாப் பாதியில நின்னு மறுபடி ஓடுச்சுன்னா, பணம் ரெண்டு தடவை போயிரும்ணே. ஓட்டிப் பாத்துட்டேன். இப்ப விட வேணாம்ணே."

தெளிவாகத்தான் சொன்னான். ஒரு வாக்கியம்கூட எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கிளையண்ட் சந்தோஷமாக இருந்தார்கள், தேதி முடிவாகியிருந்தது, தள்ளிப்போடச் சொன்னால் என் முகம் என்ன ஆகும் என்ற கணக்கு மனதில் ஓடியது. மறுநாள் நான் அனுப்பிய மெயிலில் அது எப்படி மாறியது தெரியுமா? மாத இறுதி ஓட்டத்தில் ஒரு சிறிய அபாயம் இருக்கலாம், கவனித்துக்கொள்கிறோம். அவ்வளவுதான். அவன் சொன்ன 'விட வேணாம்' அந்த மெயிலில் இல்லை.

மாதக் கடைசியில் ஜாப் பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினார்கள். பணம் இரண்டு தடவை போனது.

அடுத்த வாரம் ஆய்வுக் கூட்டம். பத்துப் பதினைந்து பேர் லைனில். இது முன்பே தெரியுமா என்று கிளையண்ட் தரப்பில் ஒருவர் நேரடியாக அவனைக் கேட்டார். அவன் மியூட்டை எடுத்தான். "எஸ்... ஐ டோல்ட்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். யாரிடம் சொன்னான் என்பதைச் சொல்ல அவனுக்கு ஆங்கிலம் வரவில்லையா, மனசு வரவில்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அந்த இடைவெளியில் நான் பேசியிருக்கலாம். ஐந்து நொடி இருக்கும். பேசவில்லை. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அவனை அந்தப் பிராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆண்டு மதிப்பீட்டில் அவன் பேருக்கு எதிரே இருந்த வரி, தகவல் தொடர்புத் திறனில் முன்னேற வேண்டும் என்பது. அந்த வரி என் பேருக்கு எதிரே இருந்திருக்க வேண்டும். அவன் சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டிய நேரத்தில், தெளிவான வாக்கியத்தில் சொன்னான். தகவல் நின்றுபோனது என்னிடம்.

எங்கள் தொழிலில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்று சொல்வதன் நடைமுறை அர்த்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: அதிகாரம் உள்ளவர் சிரமப்படாமல் புரிந்துகொள்ளும்படி நீ பேசு. கேட்பவருக்கு ஏதாவது திறன் வேண்டும் என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ழகரம் வராமல் கல்லூரியில் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைக்காரப் பையனுக்கு இருந்த தேர்வு, இன்றைய கிளையண்ட்டுக்குக் கிடையாது. அவர் நம் மொழியைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நடக்காது. ஆனால் சுமை ஒரே பக்கம் இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரிந்திருந்தால், மியூட்டில் இருப்பவனிடம் விஷயமே இல்லை என்று முடிவுகட்ட மாட்டோம்.

மூன்று ஆண்டு கழித்து அவனுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் அவன் வேறு கம்பெனியில் நல்ல இடத்தில் இருந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னான்:

"விடுங்கண்ணே. அந்த மெயில நானே இங்கிலீஷ்ல எழுதியிருக்கணும்."

அவன் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் கீழே போட்ட சுமையையும் அவனே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். இருநூறு வருஷமாக நமக்குப் பழகிய பழக்கம் அது.

இப்போது நான் ஒரு சிறிய அணியைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். யாராவது ஒரு அபாயத்தைத் தமிழில் சொன்னால், அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே தமிழிலேயே டிக்கெட்டில் எழுதுவோம், சொன்னவர் பெயரோடு. ஆங்கிலம் அதற்குக் கீழே வரும். அதை அவரிடம் படித்துக் காட்டி, 'நீங்க சொன்னது இதுதானா?' என்று கேட்டபிறகுதான் அனுப்புவோம். நேரம் பிடிக்கிறது. சில நாள் அவர்கள் 'இல்ல, நான் அப்படிச் சொல்லல' என்கிறார்கள். அன்றைக்கு மறுபடியும் எழுதுகிறோம்.